மரண அறிவித்தலுக்கு முன் ஒரு கோல்

முதல் நாள்

இளையோர் நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளர்கள் தேவை என்று ஒரு வாரம் வானொலியில் சொன்னோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். ஒன்பதரைக்கே மாடிப்படி நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும் நின்றார்கள். கீழே கார் ரயர் கடை வைத்திருந்த இத்தாலியர் மேலே ஏறி வந்து, இங்கே என்ன இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், பிளாசா எனப்படும் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இரண்டு அறைகளும் ஒரு நடையும்தான் எங்கள் நிலையம். எங்கள் ஒலிபரப்பு சாதாரண ரேடியோவில் எடுபடாது. அதற்கென்று ஒரு பெட்டி வாங்க வேண்டும். அந்தப் பெட்டியில் எங்கள் நிலையம் மட்டுமே கேட்கும். நகரத்தில் இன்னொரு தமிழ் நிலையமும் இருந்தது. அவர்களுக்கு அவர்களுடைய பெட்டி. இரண்டு பெட்டியும் வைத்திருந்த வீடு அபூர்வம். எந்தப் பெட்டி இருக்கிறதோ அதை வைத்து அந்த வீட்டாரின் அரசியல், உறவு, கோபதாபம் எல்லாவற்றையும் ஊகித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் எந்தப் பெட்டி மலிவு விற்பனையில் கிடைத்தது என்பதுதான் காரணம்.

நான் அதற்கு முன் கொழும்பில் ஒரு நாளிதழில் செய்தியாளராகவும் பின்னர் உதவி ஆசிரியராகவும் இருந்தேன். இங்கே செய்தி தயாரிப்பது என் வேலை. நிலையத்தின் முதலாளியும் முகாமையாளரும் தலைமை அறிவிப்பாளரும் ஒருவரே. அவர் குலம் அண்ணை. தேத்தண்ணி கேட்டாலும் தலைப்புச் செய்தி வாசிப்பது போல் இருக்கும்.

அன்று குரல் தேர்வுக்கு வந்தவர்களில் தர்ஷன் என்ற பதினாறு வயதுப் பையன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறான். பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியவன். மைக்கின் முன் இருத்தியதும் எழுந்து நின்றுவிட்டான். "பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே!" என்று தொடங்கி வலது கையை வீசியதில் மைக் மேசையில் விழுந்தது. கதவோரம் நின்ற அவனுடைய தகப்பனார் மகனோடு சேர்ந்து ஒவ்வொரு வரிக்கும் உதடு அசைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு பெண்பிள்ளை ஆங்கில எஃப்.எம். நிலையங்களில் வருவது போல மூச்சு விடாமல் பேசினாள். என்ன மொழி என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

கடைசியாக வந்தவள் நிரோஜா. பன்னிரண்டாம் வகுப்பு. மோர்னிங்சைட்டிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள். கொடுத்த செய்தியைப் பிழையில்லாமல் வாசித்தாள். ஆனால் சந்தைக்குப் போய்வந்த விஷயத்தைச் சொல்வது போல வாசித்தாள்.

"குரலில ஒரு இது இல்லையே," என்றார் குலம் அண்ணை.

நிரோஜா ஃபோன் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அந்த ஃபோன் கனநேரமா அடிச்சுக்கொண்டிருக்கு. ஒருத்தரும் எடுக்க மாட்டியளோ?" என்று கேட்டாள்.

எங்கள் ஃபோன் எப்போதும் அடிக்கும். எங்களுக்கு அது காற்றாடிச் சத்தம் போல ஆகிவிட்டிருந்தது. அவள் எழுந்து போய் எடுத்தாள். யாரோ ஒரு அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போக எந்தப் பஸ் என்று கேட்டிருக்கிறார். எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, ட்ரைவரிடம் மாற்றுச் சீட்டு வாங்க என்ன சொல்வது என்பதையெல்லாம் நிரோஜா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு அந்த அம்மாவை அதைத் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"உந்தப் பிள்ளையை ஃபோனில விடுவம்," என்றார் குலம் அண்ணை என்னிடம்.

"அப்ப மைக், அங்கிள்?"

"மைக் பேந்து பாப்பம்."

அவளுக்கு ஏமாற்றம்தான். முகத்தில் தெரிந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

ஃபோனில் இப்படிப் பேச எங்கே பழகினாள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒன்பது வயசில இருந்து எங்கட வீட்டு ஃபோன் நான்தான், அன்ரி. பாங்க், வீட்டுக்காரன், கரண்ட் பில், இமிகிரேஷன் எல்லாம். அப்பாவை வேலையால நிப்பாட்டி லே-ஓஃப் பண்ணினதையும் நான்தான் முதல்ல கேட்டனான். சுப்பர்வைசர் இங்கிலீஷில சொன்னதை நான்தான் அப்பாவுக்குத் தமிழில சொன்னனான்."

இதைச் சொல்லும்போது அவள் ஃபக்ஸ் இயந்திரத்துக்குக் கடதாசிச் சுருள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

செத்தவர் எடுத்த கோல்

தமிழ் வானொலியில் செய்தியை விட, பாட்டை விட, கிரிக்கெட்டை விடக் கவனமாகக் கேட்கப்படுவது மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில், கொழும்பில், லண்டனில், பாரிஸில் யார் இறந்தாலும் ரொறன்ரோவில் அவருக்கு ஒரு மகளோ மருமகனோ பெறாமகனோ இருப்பார். குடும்பத்தார் ஃபக்ஸ் அனுப்புவார்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், அவரவர் நாடு எல்லாம் அதில் இருக்கும். பகல் ஒரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சோகமான வாத்திய இசை போட்டு அதை வாசிப்போம். அந்த இசை கேட்டதும் சமையலறைகளில் கத்தி பாதி வெங்காயத்தில் நிற்கும். இறந்தது யாரென்று தெரியும்வரை யாரும் பேச மாட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஃபக்ஸ் வந்தது. ஒழுங்கான அறிவித்தல். குலம் அண்ணை உருக்கமாக வாசித்தார். கால் மணி நேரத்தில் ஒரு ஃபோன் கோல்.

"ரேடியோதானே? நான்தான் அந்தச் செத்த ஆள் கதைக்கிறன்."

காணி வழக்கொன்றில் தோற்ற மச்சான் ஒருவர் செய்த வேலை என்று பிறகு தெரிந்தது. குலம் அண்ணை நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

"அது கிடக்கட்டும்," என்றார் அந்த மனிதர். "இதைக் கேட்டிட்டு ஆர் ஆர் எடுத்தவை? ஆர் அழுதவை? பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

அன்றிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தோம். பத்திரிகையில் நாங்கள் கைக்கொண்ட விதிதான் அது. எந்த அறிவித்தல் வந்தாலும் அதிலுள்ள இலக்கத்துக்கு எடுத்து உறுதி செய்யாமல் வாசிப்பதில்லை. நிரோஜா வந்த பிறகு அந்த வேலை அவளுடையதாயிற்று. உறுதி செய்ததும் அவள் தானாகவே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பதைக் கவனித்தேன். "இஞ்ச இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாச்சோ?"

அந்தக் கேள்வி எங்கள் விதியில் இருக்கவில்லை.

மார்ச் விடுமுறை

பள்ளிக்கூட மார்ச் விடுமுறையில் நிரோஜா வாரநாட்களிலும் வந்தாள். ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிறகு லண்டனிலிருந்து ஒரு ஃபக்ஸ். அளவெட்டியில் பிறந்து, வெள்ளவத்தையில் வசித்துவந்த ஒரு அம்மா அன்று கொழும்பில் காலமாகிவிட்டார். அனுப்பியவர் லண்டனில் இருக்கும் மகன். மகள் வசந்தி, கனடா. தொடர்புக்கு, ரொறன்ரோவை அடுத்த பிக்கரிங்கில் ஒரு வீட்டு இலக்கம். ஒரு மணி அறிவித்தலில் சேர்க்கும்படி கேட்டிருந்தார். மற்ற நிலையத்துக்கும் அனுப்பியிருப்பதாக அடியில் ஒரு வரி.

நிரோஜா பிக்கரிங் இலக்கத்தை அழுத்தினாள். நான் பக்கத்து மேசை ஃபோனில் அதே லைனின் பொத்தானை அழுத்திக் கேட்டேன். எடுத்தது ஒரு பையன். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்.

"தம்பி, அப்பா நிக்கிறாரோ?"

"அப்பா வேலைக்கு. அம்மாவும் வேலைக்கு. ஆர் நீங்கள்?"

"ரேடியோவில இருந்து கதைக்கிறன்."

"ரியலி? நாங்கள் ஏதும் வின் பண்ணிட்டமோ?"

"இல்லைத் தம்பி, இன்னும் இல்லை. என்ன செய்யிறீர் தனிய?"

"ரூம் கிளீன் பண்ணுறன். கொழும்பில இருந்து அம்மம்மா வாறா. விசா வந்திட்டுது. என்ர ரூம் அவவுக்காம், நான் பேஸ்மன்றில படுக்கோணுமாம். இட்ஸ் நொட் ஃபெயர்."

நிரோஜா கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"பேஸ்மன்ற் நல்லம்தானே. ரீவி கிட்ட இருக்கும். அம்மா எங்க வேலை?"

"ரேக்-அவுட்ல. இடியப்பம் செய்யிற இடம்."

"அங்க ரேடியோ போடுறவையோ?"

"ஓல் டே. ஆனா உங்கட இல்லை, மற்றது. அம்மாவுக்கு அதுதான் விருப்பம். சொறி."

"அது பரவாயில்லை. அம்மாவின்ர வேலை நம்பர் தெரியுமோ?"

"ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கு. பொறுங்கோ."

இலக்கத்தை வாங்கிக்கொண்டு, கதவைப் பூட்டி வைத்திரு என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

குலம் அண்ணையிடம் சொன்னோம். நிலைமை எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வசந்திக்கு ஒன்றும் தெரியாது. தாயின் வரவுக்காக வீடு ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில், எண்ணெய்ச் சட்டிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தன் தாய் இறந்த செய்தியை ரேடியோவில் கேட்கப்போகிறார்.

எங்கள் பட்டியலில் இருந்து அறிவித்தலை எடுத்துவிட்டோம். அது சுலபம். ஆனால் அந்தக் கடையில் ஓடுவது எங்கள் பெட்டி அல்ல. மற்ற நிலையமும் ஒரு மணிக்குத்தான் அறிவித்தல் வாசிக்கும்.

"அண்ணை, மற்ற ஸ்ரேஷனுக்கு எடுத்துச் சொல்லுங்கோ," என்றேன்.

"அவையோடயோ? நான் கதைச்சு மூண்டு வருஷம்."

"அண்ணை."

குலம் அண்ணை ஃபோனை எடுத்தார். இலக்கத்தை எங்கும் பார்க்காமலே அழுத்தினார். கதைக்காத மூன்று வருடத்திலும் அதை அவர் மறக்கவில்லை. எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். ஒரு மணிக்கு முன் அவர்களுக்கு நேயர் விருப்பப் பாடல் நிகழ்ச்சி. நகரமே அந்த லைன்களில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"கடைக்கு எடு பிள்ளை," என்றேன். "முதலாளியைக் கூப்பிட்டு ரேடியோவை நிப்பாட்டச் சொல்லு."

குலம் அண்ணை தன் அறைக்குள் போய் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மற்ற நிலையத்தின் பெட்டி. அது அங்கே இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். "எதிரி என்ன செய்யிறான் எண்டு தெரிய வேணும்தானே," என்று யாரும் கேட்காமலே சொன்னார். அதைத் தாழ்ந்த சத்தத்தில் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டு, நிரோஜா பார்க்கக்கூடிய இடத்தில் நின்றார். எங்கள் ஒரு மணி அறிவித்தல்களைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குச் செய்தி வாசிக்க வேறு ஒருவர் உள்ளே போனார்.

கடையில் ஒரு பெண் ஃபோனை எடுத்தார். நான் மறுபடியும் பக்கத்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முதலாளி நிக்கிறாவோ?"

"அவ பாங்குக்குப் போட்டா. என்ன வேணும் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

"ஆர் கதைக்கிறது?"

"நான் வசந்தி."

நிரோஜா குலம் அண்ணையைப் பார்த்தாள். ஃபோனின் பின்னால் மற்ற நிலையத்தின் மணியோசையும், அதைத் தொடர்ந்து அந்தச் சோக இசையும் கேட்டன. குலம் அண்ணையின் கையிலிருந்த பெட்டியிலும் அதே இசை.

"அக்கா, ஒரு ஓடர் குடுக்க வேணும்," என்றாள். வழக்கமாக அவள் அந்த வயதுப் பெண்களை அன்ரி என்பாள். இப்போது அக்கா என்று சொல்லித் தன் வயதைக் கூட்டிக்கொண்டாள்.

"பொறும் தங்கச்சி. மரண அறிவித்தல் போகுது. கேட்டிட்டு வாறன். ஆற்ற எண்டு தெரியாது."

ஃபோன் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன். நிரோஜா வாயை ஃபோனோடு ஒட்டி வைத்துக் கத்தினாள்.

"அக்கா, வைச்சிடாதேங்கோ! நான் மொன்றியல்ல இருந்து! கார்ட் போட்டு எடுக்கிறன்! நிமிஷம் முடியப்போகுது எண்டு அந்த இங்கிலீஷ்காரி சொல்லிப்போட்டாள்!"

தொண்ணூறுகளில் வெளியூர் கோல் எடுத்த தமிழர் யாருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தொலைபேசிக் கார்ட் வாங்கி, ஒரு கைநீள இலக்கத்தைச் சுரண்டி அழுத்தி, ஊரில் இருப்பவர்கள் சுகம் விசாரித்து முடிப்பதற்குள், பதிவு செய்த ஓர் ஆங்கிலப் பெண்குரல் எச்சரித்து, நிமிடம் தீர்ந்துபோகும் வேதனை எல்லோருக்கும் பொது. கார்ட் முடியப்போகிறவரைக் காக்க வைக்க யாருக்கும் மனம் வராது.

"ஐயோ, கார்ட்டே!" ஃபோன் மறுபடி வசந்தியின் கைக்கு வந்துவிட்டது. பிறகு உள்ளே திரும்பி, "எடியே ராணி, உந்த ரேடியோவை நிப்பாட்டு! மொன்றியல் கோல், ஒண்டும் விளங்குதில்லை. கார்ட் முடியப்போகுதாம்!"

இசை நின்றது. ஃபோனில் பாத்திரச் சத்தம் மட்டும்.

"கெதியாச் சொல்லும் தங்கச்சி. எப்பத்தைக்கு?"

"சனிக்கிழமைக்கு, அக்கா. ஒரு பேத்டே. நூற்றைம்பது இடியப்பம்."

"வெள்ளை மாவோ சிவப்போ?"

"பாதி பாதி. இல்லை, பொறுங்கோ, பெரியாக்களுக்குச் சிவப்பு. பெரியாக்கள் கூட."

குலம் அண்ணை ஒரு விரலைக் காட்டினார். முதலாவது அறிவித்தல். பிறகு இரண்டு விரல்.

"கறி என்ன? கோழியோ ஆடோ?"

"ரெண்டும் என்ன விலையில வரும் எண்டு சொல்லுங்கோவன்."

மூன்று விரல். குலம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையிலிருந்த பெட்டியில், அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட அந்த அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டது. என் மறுகாதில் அவருடைய மகள், உறைப்புக் கூடப் போடுவதா, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொன்றியல்ல எங்க இருக்கிறீர்?" என்றார் வசந்தி. "அங்க முருகன் கோயில் நல்லமாம். என்ர அம்மா அடுத்த மாசம் வாறா. வந்தவுடன கூட்டிக்கொண்டு வர வேணும் எண்டு அவருக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

மொன்றியல், கார்ட், பிறந்தநாள் என்று அதுவரை நிரோஜா சொன்னது எல்லாம் பொய். இந்த இடத்தில் 'கூட்டிக்கொண்டு வாங்கோ' என்று இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கலாம். வேறு யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இடியப்பத்துக்குச் சொதி எத்தினை பேருக்குக் காணும்?" என்று கேட்டாள்.

கடைசி அறிவித்தலும் முடிந்து விளம்பரம் தொடங்கியதும் குலம் அண்ணை கையை உயர்த்தினார்.

"கார்ட் முடியுது அக்கா, நான் பேந்து எடுக்கிறன்."

"பேர் சொல்லேல்லையே தங்கச்சி!"

"நிரோஜா," என்றாள். அது உண்மைப் பெயர்.

ஃபோனை வைத்ததும் கதிரையில் இருந்துவிட்டாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குலம் அண்ணை இதற்குள் மற்ற நிலையத்துக்கு லைன் கிடைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "நான் குலம். ஓம், அந்தக் குலம்தான்." ஐந்து மணிக்கு அந்த அறிவித்தலை நிறுத்தி வைக்க அவர்கள் உடனே சம்மதித்தார்கள். வேலை முடிந்த பிறகும் அவர் ஃபோனை வைக்கவில்லை. சர்க்கரை வியாதி, மகளின் கல்யாணம் என்று வேறு விஷயங்கள் கேட்டன.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் பொதுத் தொலைபேசியில் இருந்து எடுத்தார். பின்னால் ரயில் அறிவிப்புகள். வசந்தியின் கணவர். டவுன்ரவுனில் வேலை. காலையில் மைத்துனர் லண்டனில் இருந்து வேலையிடத்துக்கே எடுத்துச் செய்தி சொல்லியிருக்கிறார். மாலையில் வீட்டில் வைத்துத் தானே சொல்லலாம் என்று இவர் நினைத்திருக்கிறார். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோதுதான் கடையில் ஓடும் ரேடியோ நினைவு வந்ததாம். சாப்பிடாமல் ரயிலுக்கு ஓடி வந்திருக்கிறார். மற்ற நிலையத்துக்கு லைன் கிடைக்காமல் எங்களுக்கு எடுத்திருக்கிறார்.

"தங்கச்சி, வாசிச்சுப்போட்டியளோ?"

"நாங்கள் வாசிக்கேல்ல, அங்கிள். மற்றவை வாசிச்சவை. ஆனா அன்ரி கேக்கேல்ல. அந்த நேரம் கடையில ரேடியோ ஓஃப்."

"அதெப்பிடி உமக்குத் தெரியும்?"

"நான்தான் அவவோட கதைச்சுக்கொண்டிருந்தனான்."

ரயில் புறப்படும் அறிவிப்பு கேட்டது. "நான் போய்ச் சொல்லுறன்," என்று வைத்துவிட்டார்.

குலம் அண்ணை வந்து மேசையில் கையூன்றி நின்றார். "எத்தினை இடியப்பம் சொன்னனீர்?"

"நூற்றைம்பது, அங்கிள்."

"நூற்றைம்பதோ! ஆர் தின்னுறது?"

"சின்ன ஓடர் எண்டா கதை கெதியா முடிஞ்சிடும், அங்கிள்."

அந்த ஓடரை அவர் ரத்துச் செய்யவில்லை. சனிக்கிழமை தானே போய் எடுத்து வந்தார். இளையோர் நிகழ்ச்சிப் பிள்ளைகள் எல்லோரும் நடையில் இருந்து சாப்பிட்டார்கள். அதிகம் சாப்பிட்டவன் தர்ஷன்.

முப்பத்தோராம் நாள்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நன்றி நவிலல் வாசிப்பதும் எங்கள் வழக்கம். வசந்தியும் கணவரும் மகனும் அதைக் கையோடு கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. வசந்தி மெலிந்த, உயரமான பெண். நேராக ஃபோன் மேசைக்குப் போனார்.

"நீர்தானே மொன்றியல்?"

நிரோஜா எழுந்துவிட்டாள். "ஓம் அன்ரி. பொய் சொன்னதுக்கு..."

"இரும், இரும்." வசந்தி அவளுக்கு எதிரில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "உண்மையைச் சொன்னா எனக்கு முதல்ல சரியான கோவம். ஊர் முழுக்கக் கேட்டுப்போட்டுது, நான் மட்டும் சொதிக்குக் கணக்குப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன் எண்டு. பேந்துதான் யோசிச்சன். இவர் வந்து என்னைக் காரில ஏத்தி, வீட்டு வாசல்ல நிப்பாட்டிப்போட்டுத்தான் சொன்னவர். அந்தக் கடைக்குள்ள நிண்டு கேட்டிருந்தனெண்டா, நான் இனி அதுக்குள்ள கால் வைச்சிருக்க மாட்டன். போன கிழமை வேலைக்குப் போனனான். போக ஏலுமா இருந்தது."

பையன் ஃபக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நிரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள்தானே அண்டைக்கு எடுத்தது? யூ நியூ, ரைற்? ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"அது உம்மட அப்பா சொல்ல வேண்டியது," என்றாள் நிரோஜா. அவன் யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

வசந்தி நன்றி நவிலலைக் குலம் அண்ணையிடம் நீட்டவில்லை. நிரோஜாவிடம் நீட்டினார். "இதை இந்தப் பிள்ளை வாசிக்கட்டும்."

எங்கள் நிலையத்தில் அதுவரை குலம் அண்ணையைத் தவிர வேறு யாரும் மரணத்தோடு சம்பந்தப்பட்ட எதையும் வாசித்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சி, பிள்ளை இன்னும் மைக்கில பழகேல்ல. உது சின்ன விஷயமில்லை. அதுக்கெண்டு ஒரு குரல் வேணும்."

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ," என்றார் வசந்தி. "உங்கட குரல் நல்ல குரல். ஆனா உங்கட குரலில எல்லாரும் ஒரே மாதிரித்தான் சாகினம்."

வசந்தியின் கணவர் நிலத்தைப் பார்த்தார். நான் ஒரு கடதாசியை எடுத்துப் பார்த்தேன். குலம் அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். ஸ்ரூடியோவுக்குள் போய், தன் உயரத்துக்கு இருந்த மைக்கைத் தானே கீழே இறக்கி, கதிரையை முன்னால் தள்ளிவைத்தார்.

உள்ளே போகுமுன் நிரோஜா வசந்தியிடம் ஒன்று கேட்டாள். "அம்மாவை ஊரில என்னெண்டு கூப்பிடுறவை?" வசந்தி சொன்னார். அதை அவள் கடதாசியின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

ஒரு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் வெளியே இருந்த ஒலிபெருக்கியில் கேட்டோம். அவள் குரலைத் தாழ்த்தவில்லை, இழுக்கவில்லை, நடுங்க வைக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இருக்கும் ஒருவரிடம் சொல்வது போல, அவசரமில்லாமல் வாசித்தாள். வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்கள், சமைத்துக் கொண்டுவந்தவர்கள், லண்டனிலும் கொழும்பிலும் கடமைகளைச் செய்தவர்கள். ஊரில் அழைத்த பெயர் வந்த இடத்தில் வசந்தி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். கணவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு அணைவதற்குள் ஃபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. நிரோஜா வெளியே வந்து வழமைபோல எடுத்தாள்.

"ஆர் உந்தப் பிள்ளை? ஒரு சொட்டும் கவலை இல்லாமல் வாசிக்குது!"

"ஓம் அன்ரி, அவவுக்குச் சொல்லிவிடுறன்."

அடுத்த கோல் ஒரு வயதான ஆண். தன் மனைவியின் ஆண்டுத் திவச அறிவித்தலை அந்தப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்க முடியுமா என்று கேட்டார். நிரோஜா அவருடைய பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டாள். அதை வாசித்தது தான்தான் என்று அவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எங்கள் விதியில் ஒரு வரி கூடியது. உறுதி செய்தால் மட்டும் போதாது. நெருங்கியவர்கள் எல்லோருக்கும் நேரில் சொல்லியாயிற்று என்று குடும்பத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். மற்ற நிலையமும் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு முதலாளிகளும் ஃபோனில் பேசித் தீர்த்த முதல் விஷயம் அது என்று நினைக்கிறேன்.

நிரோஜா பிறகு கல்லூரியில் ஒலிபரப்பு படித்தாள். இப்போது ஒரு ஆங்கில நிலையத்தில் தயாரிப்பாளராக இருக்கிறாள். பேட்டி கொடுக்கத் தயங்குகிறவர்களிடம் முதலில் பேசுவது அவள்தான். தர்ஷன் வீடு விற்பனை முகவராகிவிட்டான். அவனுடைய விளம்பரம் தினமும் வானொலியில் வருகிறது. இன்னமும் நடுவர்களைப் பார்த்துப் பேசுவது போலத்தான் இருக்கிறது, ஆனால் வீடு விற்கிறான்.

பள்ளிக்கூடங்களில் தொழில் தினத்துக்கு என்னைக் கூப்பிடும்போது பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி. வானொலிக்கு வர இப்போதே என்ன செய்ய வேண்டும்? தினமும் பத்திரிகையைச் சத்தமாக வாசியுங்கள் என்கிறேன். இரண்டு மொழியையும் முழுதாகப் பழகுங்கள் என்கிறேன். கல்லூரியில் அதற்கான படிப்புகள் இருக்கின்றன, விசாரியுங்கள் என்கிறேன். உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள், ஆனால் அதில் மயங்காதீர்கள் என்றும் சொல்வேன். குரலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வேலை செய்தபடி, சமைத்தபடி, பிள்ளை பார்த்தபடி நிற்கிறார். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசிக்கப் பழகாதவருக்கு மைக்கைக் கொடுப்பது ஆபத்து. அதைப் பழக ஸ்ரூடியோ தேவையில்லை.

எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று சொல்வேன். அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஏனென்றால் இப்போது ஃபோன் அடித்தால் அவர்கள் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் தொலைபேசி அடித்தால் நீங்கள் எடுங்கள்.